எருமை போட்ட காசு

"இதென்ன, எருமை மாடோ?"

தேவமலர் கேட்ட விதத்திலேயே கணவர் ஸ்ரீதரனுக்கு வில்லங்கம் விளங்கிவிட்டது. வெள்ளைக் கைலேஞ்சித் துணியை மேசையில் விரித்து, அதன் நடுவில் அந்தக் காசை வைத்து, ஓரடி தள்ளி நின்று அப்போதுதான் அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பழைய அமெரிக்கக் காசு. அஞ்சு சதம். முப்பத்தாறாம் ஆண்டு அடிச்சது. ஒரு பக்கம் செவ்விந்தியர், மற்றப் பக்கம்..."

"மற்றப் பக்கம் எருமை. எனக்குக் கண் தெரியும். அந்த மனிசனுக்கு அறுபதாவது பிறந்தநாள். யமனைத் தள்ளி வை தாயே எண்டு கும்பிடுற நாளில, நீங்கள் யமன்ர வாகனத்தை ரிப்பன் கட்டிக் கொண்டுபோய் நீட்டப் போறியள். 'வாகனம் வந்திட்டுது, ஏறுங்கோ சம்பந்தி' எண்டு சொல்லவோ?"

"அவர் இன்னும் சம்பந்தி ஆகேல்லையே."

"உதைக் குடுத்தா ஆகவே மாட்டார்."

ஸ்ரீதரன் கைலேஞ்சியின் நாலு மூலையையும் மடித்து எருமையை மூடினார்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் மிதுஷா, ஜேர்மனியில் பான் நகரில் இருக்கும் பாலச்சந்திரனின் மகன் சேயோனை விரும்பினாள். பையன் நல்லவன், ஸ்டுட்கார்ட்டில் நல்ல வேலை. சாதகம் பொருந்திவிட்டது. இங்கே வுப்பர்டாலில் ஸ்ரீதரனும் தேவமலரும் "ஓம்" சொல்லியாயிற்று. பாலச்சந்திரன் மட்டும் நாலு மாதமாக "யோசிச்சுச் சொல்லுறன்" என்கிறார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. அப்பாவின் வாயிலிருந்து ஓம் வராமல் கலியாணம் இல்லை என்று சேயோன் நிற்கிறான். மிதுஷா படிக்கிற ஊரிலிருந்து போன் எடுத்தால் முதலில் கேட்பது, "அவர் ஏதும் சொன்னவரோ அப்பா?" என்றுதான். இல்லையென்றதும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கிற நாட்களில் ஸ்ரீதரனுக்குச் சோறு இறங்குவதில்லை.

பாலச்சந்திரனின் மனதுக்குள் போக ஒரேயொரு வாசல்தான் இருந்தது. அது காசு. கொடுத்து வாங்குகிற காசல்ல, சேர்த்து வைக்கிற பழங்காசு.

முதன்முதல் பெண் வீட்டாராக அவர்கள் பானுக்குப் போனபோது, தேத்தண்ணி ஆறுவதற்குள் பாலச்சந்திரன் உள்ளே போய் ஒரு தடித்த அல்பத்தைத் தூக்கிவந்து ஸ்ரீதரனின் மடியில் வைத்தார். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, கண்ணாடியைப் போட்டு, காசுகளுக்குக் கீழே ஒட்டியிருந்த துண்டுகளை எழுத்துக் கூட்டாத குறையாக வாசித்தார். ஸ்ரீதரனுக்கு இடுப்பு விட்டுப்போனது. ஆனாலும் மகளுக்காக, "ஆகா", "நல்ல வடிவு", "அப்பிடியோ" என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிச் சொல்லிச் சொற்கள் தீர்ந்துபோனதால், "எப்ப தொடக்கம் சேர்க்கிறியள்?" என்று ஒரு கேள்வியும் கேட்டார்.

"கொஞ்ச நாளாத்தான்," என்றார் பாலச்சந்திரன். கடைசிப் பக்கத்தை மூடும்போது பெருமூச்சு விட்டு, "அமெரிக்கக் காசு ஒண்டும் இதில இல்லை," என்றார்.

அந்தப் பெருமூச்சு ஸ்ரீதரனின் நெஞ்சில் தைத்துவிட்டது. சேயோனிடம் மிதுஷா விசாரித்தபோது அவனும், "ஓம், வீட்டில அல்பம் கிடந்ததைக் கண்டனான்," என்றானாம். பிறகென்ன? வேலை முடிந்து வந்ததும் ஸ்ரீதரன் யூடியூபில் பழங்காசு வீடியோ பார்ப்பார். படித்ததை மறக்கும் முன்னர் பாலச்சந்திரனுக்குப் போன் எடுப்பார். "அண்ணை, ரோமர் காலத்துக் காசைப் பற்றி என்ன நினைக்கிறியள்?" என்பார். பாலச்சந்திரன் அதிகம் பிடிகொடுக்க மாட்டார். "அடுப்பில கறி" என்பார், அல்லது "ஆரோ பெல் அடிக்கினம்" என்பார். தன்னுடைய அறிவு அவருக்குக் காணாது போலும் என்று ஸ்ரீதரன் இன்னும் இரண்டு வீடியோ பார்ப்பார்.

இப்போது அந்த மனிதருக்கு அறுபதாவது பிறந்தநாள் வருகிறது. ஒரு நல்ல அமெரிக்கக் காசு கொடுத்தால் அந்தப் பெருமூச்சு ஓம் ஆகிவிடும். கொடுப்பவரின் கையைக் கடிக்கக்கூடாது, அது வாங்குபவருக்குத் தெரியவும் கூடாது. இந்தக் கணக்கில் பொருந்தி வந்ததுதான் எருமை.

தேவமலர் ஒரு சதக் காசை மஞ்சள் துணியில் நேர்ந்து முடிய எழும்பினார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல் இருந்தது. ஊன்ட்றொப் கோயில் காமாட்சி அம்பாளுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியில் முடிந்த காசுகள் அதற்குள். விசா கிடைக்க ஒன்று, மிதுஷாவுக்குக் காய்ச்சல் மாற ஒன்று, வீடு மாற ஒன்று என்று இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் முடிந்தவை. தேருக்குப் போகும்போது கொண்டுபோய் உண்டியலில் சேர்க்க வேண்டியது. ஒவ்வொரு தேருக்கும் சாப்பாட்டுப் பெட்டி, பாய், குடை எல்லாம் காரில் ஏறும், போத்தல் மட்டும் வீட்டில் நின்றுவிடும். அடியில் கிடக்கும் முடிச்சுகளில் துணி இற்றுப்போய் யூரோவுக்கு முந்திய டொச் மார்க் இன்னும் எட்டிப் பார்க்கிறது. மிதுஷாவைக் கூட்டிப்போக ஒருமுறை வந்த சேயோன்கூட அந்தப் போத்தலில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான். "இஞ்ச பிறந்த பிள்ளைக்கு என்ன பக்தி!" என்று தேவமலர் அன்றைக்கே மருமகனாக வரித்துவிட்டார்.

"தாயே, இந்த மனிசனுக்குப் புத்தியைக் குடு," என்று புது முடிச்சைப் போத்தலுக்குள் போட்டார். பிறகு திரும்பி, "எருமை இந்த வீட்டுக்குள்ள ஒரு இரவு தங்கக் கூடாது," என்றார்.

எருமை அன்றிரவு காருக்குள் தங்கியது. மறுநாள் ஸ்ரீதரன் அதைத் திருப்பிக் கொடுக்க, எல்பர்பெல்டில் அதை வாங்கிய சின்னக் காசுக் கடைக்குப் போனார். ஆணி செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருடம் பேசிய டொச் மொழியில் யமனுக்குச் சொல் இருக்கவில்லை.

"எங்களுக்கு மரணத்துக்கு ஒரு கடவுள் இருக்கிறார். அவர் இந்த மிருகத்தில் ஏறி வருவார்," என்று ஒருவாறு சொல்லி முடித்தார்.

கடைக்காரர் ஸ்ரீதரனைப் பார்த்தார், காசைப் பார்த்தார். "இது நீங்கள் நினைக்கிற எருமை அல்ல. பைசன். அமெரிக்கக் காட்டு மாடு," என்றார் பொறுமையாக.

ஸ்ரீதரன் உடனே வீட்டுக்குப் போன் எடுத்தார். "இஞ்சாரும், இது எருமை இல்லையாம். பைசனாம்."

"கொம்பு இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப யமன் ஏறுவார்."

விற்ற காசு திரும்ப எடுக்கப்படாது என்று சுவரில் எழுதியிருந்தது. ஸ்ரீதரன் பெருமூச்சோடு இன்னொரு காசு வாங்கினார். இது வெள்ளி, அரை டொலர். ஒரு பெண் கையை நீட்டிக்கொண்டு உதிக்கிற சூரியனை நோக்கி நடக்கிறாள், மறு கையில் இலையும் கொப்பும். எருமையைவிட விலை கூட. ஆனால் மகளின் வாழ்க்கைக்கு முன்னால் விலையைப் பார்க்கலாமா? எருமையைக் கடை ரிப்பனோடு காரின் முன்தட்டுக்குள் போட்டு மூடினார்.

தேவமலர் அரை டொலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெண்டாப் பரவாயில்லை. லட்சுமி வாற மாதிரிக் கிடக்கு. வலது காலை வைச்சு வாறாவோ?"

"தெரியேல்லை. சீலை மறைக்குது."

"சரி, வலதெண்டே வைப்பம். ஆனா நல்லா ஊத்தை பிடிச்சிருக்கு."

அந்தக் கடைசி வசனத்தை ஸ்ரீதரன் கவனித்திருக்க வேண்டும். கவனிக்காமல் வேலைக்குப் போய்விட்டார். விதி என்பது வேறென்ன?

திரும்பி வந்தபோது காசு சாமிப் படத்தடியில் புதுக் கரண்டி மாதிரிப் பளபளத்தது. நெற்றியில் சந்தனப் பொட்டும் இருந்தது.

"திருநீறு போட்டு ஒரு மணித்தியாலம் தேச்சனான்," என்றார் தேவமலர் பெருமையாக. "வெள்ளிக் குத்துவிளக்குக்கும் இப்பிடித்தானே தேய்க்கிறது. பாருங்கோ, முகம் பார்க்கலாம்."

ஸ்ரீதரன் பார்த்தார். முகம் தெரிந்தது. அது அழுகிற முகம்.

"அதின்ர பெறுமதியே அந்தக் கறுப்பிலதான் இருந்தது தேவமலர்! பழங்காசைத் தொட்டாலே குறை எண்டு அந்த வீடியோக்காரன் தலையில அடிச்சுச் சொல்லுறான். நீர் தோலை உரிச்சுப் போட்டீரே!"

"எனக்கென்ன தெரியும்? ஊத்தையோட ஆரும் பரிசு குடுப்பினமோ?"

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "யார் இதைச் செய்தது?" என்று மட்டும் கேட்டார். ஸ்ரீதரன் மனைவியைக் காட்டிக் கொடுக்கவில்லை. "மதம்," என்றார்.

அன்று இரவு மிதுஷா போன் எடுத்தாள். "அப்பா, பிறந்தநாள் அண்டைக்கு அவர் முடிவு சொல்லுவாரோ? எனக்கு இனி ஏலாது அப்பா." மூக்கை உறிஞ்சும் சத்தம். ஸ்ரீதரன் பளபளக்கிற காசைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் நல்லா நடக்கும் பிள்ளை," என்றார். பொய் சொல்லும்போது அவருக்கு எப்போதும் இருமல் வரும். இருமினார்.

போத்தலுக்குள் இன்னொரு முடிச்சு விழுந்தது.

வெளிறின வெள்ளியைக் கறுப்பாக்க யூடியூபில் ஒரு மருந்து இருந்தது. அவித்த முட்டை. முட்டையை வெட்டிக் காசோடு ஒரு பெட்டிக்குள் மூடி வைத்தால், மெல்ல மெல்லப் பழைய நிறம் ஏறுமாம். மருந்து இலேசுதான், ஆனால் வீடு அம்பாள் தேருக்கு விரதத்தில் இருந்தது. மச்சம் மாமிசம் மட்டுமல்ல, முட்டை பூசிச் சுட்ட பாண்கூட வாசற்படி தாண்டாது.

ஆகவே ஸ்ரீதரன் முட்டைகளைத் தொழிற்சாலைச் சமையலறையில் அவித்து வெட்டி, காசோடு ஒரு வெறும் பெட்டிக்குள் போட்டு, கட்டடத்தின் கெல்லருக்குள், அதாவது நிலவறையில், தங்கள் வீட்டுக்கென ஒதுக்கிய கூண்டில், சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். ஒன்று காணாதோ என்ற பயத்தில் ஆறு முட்டை. காற்றுப் போகட்டும் என்று மூடியில் துளையும் போட்டார். பிறகு வேலையில் ஆள் இல்லையென்று இரண்டு ஷிப்ட் சேர்த்துச் செய்யச் சொல்ல, முட்டையை அடியோடு மறந்துபோனார்.

ஆனி மாதத்து வெயில் முட்டையை மறக்கவில்லை.

அவர் வேலையால் வந்தபோது தெருவில் தீயணைப்பு வண்டி நின்றது. கட்டடத்து ஆட்கள் எல்லோரும் எதிர்ப்பக்க நடைபாதையில். தேவமலர் அவசரத்தில் சாமிப் படத்தையும் நேர்த்திப் போத்தலையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன நடந்தது?"

"காஸ் கசியுதாம்! கெல்லர் முழுக்க ஒரே நாத்தமாம். எல்லாரையும் வெளியில போகச் சொல்லிப்போட்டாங்கள். வீடே வெடிக்கப் போகுதாம். தாயே, காமாட்சி!"

ஸ்ரீதரன் மூக்கை உயர்த்தி முகர்ந்து பார்த்தார். அது காஸ் அல்ல. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சற்று நேரத்தில் முகமூடி போட்ட தீயணைப்புக்காரர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். மூடியில், தேவமலரின் கையெழுத்தில், "ஊறுகாய்" என்று தமிழில் எழுதியிருந்தது. அந்தக் கட்டடத்தில் தமிழர் ஒரேயொரு குடும்பம்தான். எல்லாக் கண்களும் திரும்பின.

"இது உங்களுடையதா?" என்று தீயணைப்புக்காரர் கேட்டார்.

"என்ர பெட்டிதான். உதுக்குள்ள என்ன கிடக்கு?" என்றார் தேவமலர் தமிழில்.

பெட்டி திறக்கப்பட்டது. தேவமலர் எட்டிப் பார்த்தார், தூக்கிவந்ததைக் கீழே வைத்து, ஒரு கையால் மூக்கையும் மறு கையால் அம்பாளின் கண்களையும் பொத்தினார்.

"விரத வீட்டில முட்டையோ? அதுகும் கூழ் முட்டையோ?"

முட்டைகளின் நடுவே அரை டொலர் கிடந்தது. பழைய நிறம் ஏறியிருந்தது உண்மைதான். ஏறி, தாண்டி, தோசைக்கல்லின் நிறத்துக்குப் போய்விட்டது. சூரியனையும் காணவில்லை, நடந்த பெண்ணையும் காணவில்லை.

நடைபாதையிலேயே தேவமலர் கைப்பையிலிருந்து ஒரு காசை எடுத்து, முந்தானை நூலால் முடிந்து போத்தலுக்குள் போட்டார். கணவரோடு அடுத்த நாள் மாலைவரை பேசவில்லை. பேசியபோது சொன்னது ஒன்றுதான். "காசும் வேண்டாம், கீசும் வேண்டாம். பட்டு வேட்டியும் சால்வையும் பழத்தட்டும் குடுத்துக் கும்பிட்டிட்டு வருவம். அவர் ஓம் எண்டாலும் சரி, இல்லை எண்டாலும் சரி."

ஸ்ரீதரனுக்கும் தெம்பு போய்விட்டது. ஒரு காசைக்கூட ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாத தகப்பனுக்குப் பிறந்தாளே என்று மகளை நினைத்துக்கொண்டே பட்டு வேட்டி வாங்கப் புறப்பட்டார்.

பிறந்தநாள் பானில், ஒரு மண்டபத்தில். ரயிலில் வந்த மிதுஷாவை ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டார்கள். மெலிந்திருந்தாள். முன் ஆசனத்தில் இருந்தவள் கண் மையைத் துடைக்க ரிஷுத் தாள் தேடினாள். பின்னாலிருந்த தேவமலர் பழத்தட்டு கவிழாமல் பிடிப்பதிலும், ஸ்ரீதரன் கார் நிறுத்த இடம் தேடுவதிலும் கவனமாக இருந்தார்கள். அவள் எதைத் திறந்தாள், எதை எடுத்தாள் என்று இருவரும் பார்க்கவில்லை.

மேடையில் பட்டு வேட்டி கைமாறியது. பாலச்சந்திரன் முகம் மலர்ந்து சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டார். பாலச்சந்திரனின் மனைவி கஜந்தி தேவமலரைக் கட்டிப்பிடித்தார். இவ்வளவு காலத்தில் முதல் தடவையாக ஸ்ரீதரனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"மாமா, பொறுங்கோ," என்றாள் மிதுஷா. "அப்பா முக்கியமானதைக் காருக்குள்ள மறந்திட்டு வந்திட்டார்."

அவள் கையில் கடை ரிப்பனோடு சின்னப் பெட்டி.

ஸ்ரீதரன் "பிள்ளை, அது..." என்று வாயெடுத்தார். அதற்குள் பெட்டி கைமாறிவிட்டது. தேவமலர் மேடையிலேயே கண்ணை மூடிக் காமாட்சியைக் கூப்பிட்டார். பாலச்சந்திரன் ரிப்பனை இழுத்தார், பெட்டியைத் திறந்தார்.

அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கிப்போனது.

"காசு," என்றார் மெல்ல.

"அமெரிக்கக் காசு மாமா! உங்களிட்ட இல்லாதது!"

மண்டபம் கைதட்டியது. பாலச்சந்திரன் "நன்றி" என்றார். செத்த வீட்டில் சொல்லுகிற நன்றி அது. பெட்டியை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கேக்கைக்கூட வெட்டாமல் வெளியே போய், பின்பக்கப் படியில் தனியே உட்கார்ந்தார். கண்ணாடிக் கதவினூடாக அவருடைய கூனிய முதுகு தெரிந்தது.

முடிந்தது, என்று நினைத்தார் ஸ்ரீதரன். அறுபதாவது பிறந்தநாளில் ஊர் பார்க்க ஒரு மனிதருக்கு யமனின் வாகனத்தைக் கொடுத்தாயிற்று. தூரத்தில் மிதுஷா ஒன்றும் தெரியாமல் சேயோனோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஸ்ரீதரன் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

அங்கே கஜந்தி நின்றார்.

"அண்ணை, உங்களைத்தான் தேடினனான். ஒரு நிமிசம் உள்ளுக்கு வாறியளோ?" என்று கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, என்னை மன்னிக்க வேணும். அந்த எருமை..."

"எந்த எருமை?"

"காசில இருக்கிற..."

"அவர் அதில என்ன கிடக்கெண்டு பார்க்கவே இல்லை அண்ணை." கஜந்தி குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னதெண்டு அவருக்குத் தெரிய வேண்டாம். கும்பிட்டுக் கேக்கிறன், இனி அவருக்குக் காசு ஒண்டும் குடுக்காதேங்கோ. போனிலயும் காசைப் பற்றிக் கதைக்காதேங்கோ."

"ஏன்? அவர் சேர்க்கிறவர்தானே? அந்த அல்பம்..."

"அது அவரோட வேலை செய்யிற வெள்ளைக்காரன்ர அல்பம். நீங்கள் வாறியள் எண்டு ஒரு நாளுக்கு இரவல் வாங்கினவர். நீங்கள் போன் எடுத்து எடுத்து விசாரிக்கிறபடியால், திருப்பிக் குடுக்கப் பயந்து இன்னும் வீட்டில வைச்சிருக்கிறார்."

ஸ்ரீதரன் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டார். "எனக்காண்டியோ? எனக்கேன் காசு அல்பம்?"

"என்னண்ணை இப்பிடிக் கேக்கிறியள்? உங்கட வீட்டில ஒரு பெரிய போத்தல் நிறையப் பழைய காசு, ஒவ்வொண்டையும் மஞ்சள் துணியில சுத்திச் சாமிக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறியள் எண்டு சேயோன் வந்து சொன்னவன். 'பிள்ளை தங்கமான பிள்ளை, ஆனா தகப்பன்ர காசுக் கதையைச் சாகுமட்டும் ஆர் இருந்து கேக்கிறது' எண்டுதான் மனிசன் நாலு மாசமா ஓம் சொல்லாமல் நிக்கிறார்."